மஹாலா எழுதிக் கொடுத்த தாள்

இண்டியானா
மூன்றாம் மாதம் 12, 1987

அன்புள்ள மகள் லூயெல்லாவுக்கு அம்மா எழுதுவது. சபையின் கடைசிக் கூட்டத்துக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்று நீ எப்படியும் கேட்பாய், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டத்தை நடத்திக் குறிப்பு எழுதுகிற வெர்னா, போன கோடையில் வாங்கிக்கொண்டு போன என் ஏணியை இன்னும் திருப்பித் தராத ஆர்லோ, அவன் மனைவி மைரா, காது கேட்காத ஹோமர், உன் மாமா ஈனோஸ், அப்புறம் நான். ஆறே பேர். ஒரு காலத்தில் இருநூறு பேர் உட்கார்ந்த பெஞ்சுகளில் ஆளுக்கொரு மூலையில் இருந்தோம், அடுப்பு மூட்டியும் வாயிலிருந்து ஆவி வந்தது. நான் நலம், முழங்கால் மட்டும் படுத்துகிறது. அலாஸ்காவில் நீயும் பிள்ளைகளும் நலம் என்று நம்பித்தான் எழுதுகிறேன், இருமல் விட்டதா இல்லையா என்று மறைக்காமல் எழுது, உள்ளே கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே.

நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதை நான் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், மூன்று நாளாக எழுதிக் கிழித்துப் போடுகிறேன். இரண்டு வருஷம் நீ பழைய புத்தகங்களைத் துருவி, என் பாட்டிக்குப் பாட்டி மஹாலா எங்கே போனாள் என்று கண்டுபிடித்தாய். சின்ன வயதிலிருந்து எங்களுக்குச் சொன்னது அவள் திமிர் பிடித்து நம் குவேக்கர் சபையை விட்டுத் தானாகவே போனாள் என்றுதான். நீ அனுப்பிய நகலை நான் எழுத்துக் கூட்டி நாலு தடவை படித்தேன். 1844, பெண்கள் கூட்டத்துக் குறிப்பு. மஹாலா சபையில் சேராத வெளி ஆளை, அதுவும் நம்மிடம் கிடையாத சம்பளப் பாதிரி முன்னால், கல்யாணம் செய்துகொண்டாள், அவளைப் போய்ப் பார்த்து வர அவள் சொந்த அக்கா ரோடாவையும் இன்னொருத்தியையும் அனுப்பினார்கள், அடுத்த மாதம் ரோடா வந்து, பார்த்தோம், அவள் மனம் வருந்தும் நிலையில் இல்லை என்று சொன்னாள், பெயரை நீக்கிவிட்டார்கள். அவ்வளவுதான், மூன்று வரி. இரண்டு வருஷத்தில் பிரசவத்தில் செத்தாள், இடுகாட்டு வேலிக்கு வெளியே புதைத்தார்கள், பிள்ளையை ரோடாவே வளர்த்தாள்.

அந்த நகலைப் படித்த பிறகுதான் எனக்கு வழிவழியாக நம் வீட்டுக்கு வந்த ரோடாவின் தொப்பிப் பெட்டி ஞாபகம் வந்தது. பரணிலிருந்து இறக்கி அடித்துணியைப் பிரித்தேன், நாலாக மடித்த தாள் இருந்தது. மஹாலா சபைக்கு எழுதி ரோடாவிடம் கொடுத்த தாள். என் கணவரை விரும்பியதற்கு வருந்தச் சொன்னால் அது பொய்யாகும், ஆனால் சபையின் முறையை மீறி உங்களை நோக வைத்ததற்கு வருந்துகிறேன், மறுபடியும் உங்களோடு அமைதியில் உட்கார இடம் கொடுங்கள் என்று எழுதியிருந்தாள். ரோடா அதைக் கூட்டத்தில் கொடுக்கவே இல்லை. நான் போனில் படித்துக் காட்டியபோது நீ அழுதாய். கடைசிக் கூட்டத்தில் இதை வாசித்துவிடு அம்மா, அவளைச் சேர்த்துக்கொண்டதாக ஒரு குறிப்பு எழுதட்டும், வேலியை ஆறடி நகர்த்தட்டும், அது போதும் என்றாய்.

அன்றோடு சபையையே மூடுவதாக இருந்தது, தெரியும்தானே. வேலிக்குள் இருக்கும் இடுகாடு ஊராரிடம் போகிறது, எந்தக் காலத்திலும் யாரும் கை வைக்க முடியாது. வேலிக்கு வெளியே இருப்பது சபை கூடும் வீட்டோடு சேர்த்து வாங்குகிறவனுக்கு. ஆகவே அன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

வெர்னா மஹாலா விஷயத்தை எடுத்தாள். எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்தோம். ஆர்லோ எனக்குச் சம்மதம் என்றான், ஹோமருக்கு மைரா காதில் கத்தினாள், அவரும் தலையாட்டினார். அப்போது உன் மாமா எழுந்தான். புத்தகத்துல வருந்தலன்னு தெளிவா எழுதியிருக்கு, செத்துப்போன பொம்பளைங்க சொன்னதை நாம எப்படி மாத்துறது, அதுக்கு மேல ஏதாவது இருந்தா அக்கா வாசிக்கட்டும், எழுத்துக் கூட்டி முடிக்கச் சாயங்காலம் ஆனாலும் நமக்கென்ன அவசரம் என்றான். மைரா சிரித்தாள். சத்தமில்லாமல்தான், ஆனால் தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

தாள் என் கைப்பையில் இருந்தது. என்னை ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டு அவனை விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள், அவன் பெட்டியை அடுக்கிக் கொடுத்ததே நான்தான், மேலே இரண்டு ஜோடி காலுறை, நீலம் ஒன்று சாம்பல் ஒன்று, இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்னையே குத்துகிறான். மரியாதையாக, அக்கா, கொஞ்சம் வாசி என்று கேட்கட்டும், அப்புறம் எடுக்கிறேன் என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நம் கூட்டத்தில்தான் யாரும் யாரையும் அவசரப்படுத்த மாட்டார்களே. அமைதி நீண்டுகொண்டே போனது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. மற்றவர்கள் நான் ஜெபிப்பதாக நினைத்திருப்பார்கள். வெர்னா என்னைப் பார்த்து, சில்ஃபா, உனக்குச் சொல்ல ஏதாவது இருக்கா என்று இரண்டு தடவை கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஒருவருக்கு மனம் ஒப்பாவிட்டாலும் நாம் எதையும் முடிவு செய்வதில்லை, ஓட்டெடுக்கும் வழக்கமும் கிடையாது. ஒருமனம் ஏற்படவில்லை என்று எழுதினாள். பிறகு சபை இன்றோடு முடிந்தது என்ற குறிப்பையும் வாசித்தாள், கூட்டம் முடிந்ததற்கு அடையாளமாகக் கைகுலுக்கி எழுந்துவிட்டோம்.

வெளியே கார் பக்கத்தில் தாளை ஈனோஸ் முகத்துக்கு நேரே நீட்டினேன், ஜெயித்துவிட்ட மாதிரி. நின்றபடியே படித்தான். தொப்பியைக் கழற்றினான். இதை உள்ளே ஏன்க்கா குடுக்கல என்றான். நீ மரியாதையாக் கேக்கலையே என்றேன். நான் கேக்கலன்னா என்ன, மஹாலா கேட்டாளே என்றான். அவன் தாளோடு வழுக்கும் படிகளில் ஏறி உள்ளே ஓடினான், எழுபத்தைந்து வயதில். வெர்னா புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். கைகுலுக்கியாச்சு ஈனோஸ், இனி சபையே இல்ல, யார் பேர்ல எழுதுறது என்று அவள் அழுதாள். மறுநாள் பத்திரம் பதிவாகிவிட்டது. வாங்கியவனிடம் ஈனோஸ் போய்க் கேட்டான், அவன் மரியாதையாகத்தான் பேசினானாம், பார்க்கலாம் என்றானாம், ஆனால் அங்கே கார் நிறுத்தச் சரளைக்கல் கொட்ட ஆள் சொல்லியிருக்கிறான். பெயர் வெட்டாத காட்டுக்கல் ஒன்றுதான் அவளுக்கு அடையாளம், முதல் வண்டியிலேயே மூடிப்போகும்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், மடிப்பில் கிழிகிறது, பார்த்துப் பிரி. பெட்டியில் போட்டு வைக்காதே, பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து உரக்க வாசி. யாராவது உன்னிடம் எதையாவது சொல்லச் சொல்லிக் கொடுத்தால், அன்றைக்கே சொல்லிவிடு. ஒளி உன்னையும் பிள்ளைகளையும் விட்டு விலகாதிருக்கட்டும், பனியில் மெதுவாக வண்டி ஓட்டு. ஈனோஸை நான் மன்னித்துவிட்டேன், இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். மைராவையும்தான். ரோடாவைக்கூட விட்டுவிட்டேன், அந்தத் தாள் பையில் எப்படிக் கனக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். மன்னிக்க முடியாதவள் ஒருத்திதான் மிச்சம், அவள் பெயரை எழுதி முடிக்கிறேன்.

உன் அம்மா
சில்ஃபா