மாமியின் காது

மயிலாப்பூர், 14.9.99

அன்புள்ள அம்மாவுக்கு மகன் பொன்ராஜ் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

மந்தைவெளியில் ஹம்சா மாமி என்ற பாட்டு டீச்சர் வீட்டில் போன் லைன் வழியாக வரும் இன்டர்நெட் அடிக்கடி கட்டாகிறது என்று எங்கள் கம்ப்யூட்டர் கடையிலிருந்து என்னை அனுப்பினார்கள். இரண்டு நாள் மோடத்தைக் குடைந்தும் பிடிபடவில்லை. வேறு ஆளை அனுப்பப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

மாமி போனை எடுத்துக் காதில் வைத்தார். "டயல்டோன் சுருதி சுத்தமா இல்லையேப்பா, கரகரங்கறது. வயரைப் பாரு" என்றார்.

கொல்லையில் போன் வயர்மேலேயே ஈர மடிப்புடவை காய்ந்துகொண்டிருந்தது. வயரில் ஒட்டுப்போட்ட இடம் நனைந்திருந்தது. துடைத்து டேப் சுற்றியதும் சரியானது. புடவையைக் காயப்போட்டவரும் மாமிதான்! ஆனாலும் என்ன காது அம்மா அது!

புறப்படும்போது, "உன் குரலும் கரகரங்கறதே, ஆத்துக்குப் பேசி நாளாச்சோ?" என்றார். சளி என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்சம் கருப்பட்டி அனுப்புங்கள். முதலாளி கூப்பிடுகிறார். ஞாயிறு பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு பங்கஜம் அக்கா போனுக்குப் பேசுவேன். நீங்களே எடுங்கள்.

பொன்ராஜ்