சாம்பாரில் ஏற்றிய மஞ்சள்

அக்கா,

மூலப் படத்திலேயே வண்டுகள் இருந்தன. சூலக்கரை ஆட்சியர் அலுவலகத்தில் விசாரணை அதிகாரி நேற்று இதை என்னிடம் உறுதி செய்தார். படத்தைப் பரிசோதித்தவர்களின் அறிக்கை வந்துவிட்டது. வெளியிலிருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை என்று அதில் இருக்கிறது. கேட்க நீங்கள் இல்லை.

அங்கிருந்து விருதுநகருக்குள் வந்து ஒரு பரோட்டா கடையில் உட்கார்ந்தேன். எண்ணெய் வாசனை. மேசைமேல் கிடந்த மெனு கார்டு உங்கள் கைவேலை. அதிலிருந்த படத்தில் பொரித்த பரோட்டாவின் ஓரத்தில் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரிந்தது. சால்னாவின் மேல் எண்ணெய் மின்னியது. எனக்கு வந்த தட்டு அப்படி இல்லை. எந்தத் தட்டும் அப்படி இருந்ததில்லை.

சிவகாசி அச்சகத்தின் கணினி அறையில் விளக்கை அணைத்துவிட்டுத்தான் வேலை பார்ப்பீர்கள். ஓட்டல் மெனு, இனிப்புப் பெட்டி, காராச்சேவு பாக்கெட் எல்லாம் உங்கள் திரை வழியாகத்தான் போகும். மொத்தப் படத்துக்கும் கான்ட்ராஸ்ட் ஏற்றினால் சோறு சுண்ணாம்பாக வெளுக்கும், வாழை இலை கருகிவிடும் என்பீர்கள். அதனால் சோற்றைத் தனியாக, இலையைத் தனியாக, குழம்பைத் தனியாகப் பிரித்து ஏற்றுவீர்கள். கடைசியில், எந்தச் சாப்பாட்டுப் படமானாலும், கொஞ்சம் மஞ்சள். பொய்யில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "ஒங்க பேப்பர்ல மந்திரி மூஞ்சிக்கு ஏத்துறத விடவா தம்பி?" என்றீர்கள்.

நாரணாபுரத்துப் பெண் ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. அங்கே போட்ட மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் வெளியே எடுத்துவந்து, வேலை விட்ட பிறகு மங்கிய வெளிச்சத்தில் எடுத்திருந்தார். "சோத்துல வண்டு கெடக்குன்னா, எங்க காட்டுன்னு கேக்காக," என்றார். படத்தில் எல்லாமே பழுப்பாக இருந்தது.

உங்களிடம் கொண்டுவந்தேன். இருட்டை விலக்கி, டீடெயிலைக் கூட்டி, சோற்றுக்கும் அதன்மேல் கிடந்தவற்றுக்கும் இடையே கான்ட்ராஸ்டை மெல்ல ஏற்றினீர்கள். சோறு பருக்கை பருக்கையாக எழுந்தது. கூடவே வண்டுகளும், கால்களோடு. "இல்லாதத நான் வைக்கல. இருக்கதத் தொடச்சுக் காட்டிருக்கேன்," என்றீர்கள். அப்புறம், இத்தனை வருடப் பழக்கத்தில், உங்கள் கை மஞ்சளையும் ஏற்றிவிட்டது. அப்படியே எங்கள் பத்திரிகையில் அச்சானது. அன்று அந்த மஞ்சள் யார் கண்ணிலும் படவில்லை.

செய்தி வந்த பிறகு நடந்த விசாரணையில் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தார்கள். மூலத்தில் பழுப்பாகக் கிடந்த சாம்பார், பத்திரிகையில் கல்யாணவீட்டுச் சாம்பாராக இருந்தது. நிறத்தை மாற்றியவர் வண்டையும் வரைந்திருப்பார் என்றது ஆலைத் தரப்பு. அதோடு சோற்றைப் பற்றிய பேச்சு நின்று, உங்களைப் பற்றிய பேச்சாகிவிட்டது.

உங்கள் அச்சகத்துக்குப் பெரிய ஆர்டரே அந்த ஆலையின் பட்டாசுப் பெட்டி லேபிள்தான். சீசன் முடியும்வரை வீட்டில் இருங்கள் என்றார் முதலாளி. சீசன் முடிந்தும் கூப்பிடவில்லை. வறண்ட பரோட்டாவுக்கு மினுக்கம் ஏற்றிய காலமெல்லாம் உங்களை யாரும் பொய்க்காரி என்று சொன்னதில்லை. உள்ளதைக் காட்டிய ஒரு நாள் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது நோயைப் பற்றி நீங்கள் பேசவே இல்லை. "ஞாயித்துக்கெழம கோயில்ல ஜெபம் முடிஞ்சு வந்தா, வண்டு வரைஞ்ச அக்கான்னு சிரிக்காக தம்பி. நான் வரையலன்னு ஒரு வரி எழுத வைங்க. எம் பேரோட."

இப்போது எந்தச் சோற்றுப் படத்தைப் பார்த்தாலும் என் விரல் தானாக அதைப் பெரிதாக்குகிறது. பருக்கைகளுக்கு நடுவே தேடுகிறேன். அது உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது. நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியும் என்னிடம் அப்படியே இருக்கிறது.

அறிக்கை வந்தும் இறுதி உத்தரவு வரவில்லை. அதில் உங்கள் பெயர் இருக்குமா என்று அதிகாரியிடம் கேட்டேன். "அவுகதான் இல்லையே சார், இனிமே எதுக்கு?" என்றார். பெயர் வேண்டும் என்று மனுவாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். முடிவு தீபாவளி கழிந்த பிறகுதானாம். அதுவரை ஆலைக்கு மதியச் சாப்பாடு அதே சமையல்கூடத்திலிருந்துதான் போகிறது.