வெட்டிய இரண்டு வயர்

1984 ஜூலை 3, செவ்வாய்

ரத்னாபாயின் கார்டு வந்தது. இவருடைய தங்கை. ஞாயிற்றுக்கிழமை களியக்காவிளையிலிருந்து வருகிறாளாம். ‘அண்ணன் செய்த போட்டு எனக்கு வேணும் மைனி. ஒரு தரம் தண்ணியில் ஓட்டிக் காட்டிட்டுத் தாருங்க’ என்று எழுதியிருக்கிறாள்.

போட்டு அலமாரி மேலே துணி மூடி இருக்கிறது. ஒரு முழ நீளப் பொம்மைப் படகு. மரத்தில் செதுக்கி, பழைய டேப் ரிக்கார்டரில் கழற்றிய மோட்டாரை உள்ளே வைத்தார். ஆனால் மோட்டாரின் இரண்டு வயரும் முனை வெட்டிக் கிடக்கிறது. எலி கடித்தது என்று சொல்லிவிடலாம்.

ஜூலை 4

எலி கடித்தது. எலி கடித்தது. சொல்லிப் பார்த்தேன், வாய்க்கு வருகிறது.

ஜூலை 5, வியாழன்

இன்றோடு இவர் போய் எட்டு வாரம். இங்கேயாவது எழுதி வைக்கிறேன். மே ஆறாம் தேதி எங்கள் சபையில் திருவிருந்து ஞாயிறு. கோயிலுக்கு வராமல் தொட்டித் தண்ணீரில் போட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் அதே பனியன், அதே தொட்டி. எனக்கு எங்கேயிருந்து அந்தக் கோபம் வந்ததோ, மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து இரண்டு வயரையும் வெட்டிவிட்டேன். முனையில் இருந்த, பாட்டரியில் செருகுகிற பித்தளைப் பின்களை ஓடையில் எறிந்தேன். அவர் ஏசவில்லை. “ரெண்டு வயருதானே ஞானா, சரியாக்கிக்கிடலாம்” என்றார். அந்த வியாழக்கிழமை பிரஸ்ஸில் வேலைக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

சாயங்காலம் போட்டை எடுத்துக்கொண்டு சாலையில் பூதலிங்கத்தின் ரேடியோ கடைக்குப் போனேன். இவருடைய கூட்டுக்காரன், நல்ல சிநேகிதம்.

“எலி கடிச்சுப்போட்டு.”

வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எலி கடிச்சா பிசிறுல்லா அடிக்கும்? இது நல்ல படிச்ச எலியாக்கும் அக்கா. கோடு போட்டுக் கடிச்சிருக்கு.”

“வச்சிட்டுப் போங்க, பத்து மினிட்டு வேல” என்றான். வேண்டாம், நான்தான் செய்யணும் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு ஈயம் பற்ற வைக்கச் சொல்லித் தந்தான். முனையைச் சுரண்டணும், முறுக்கணும். வயரைத்தான் சூடாக்கணும், ஈயத்தை அல்ல. “பேஸ்ட் தேச்சாத்தான் ஈயம் பிடிக்கும், கேட்டேளா? வீட்டுல இருக்குல்லா?”

வாங்கிக்கொள்கிறேன் என்றேன். புதுப் பின் இரண்டு தந்தான்.

ஜூலை 6

இவருடைய கருவிப் பெட்டியில் இருந்த சூட்டுக்கோலை வைத்துப் பார்த்தேன். ஈயம் பிடிக்கவில்லை. பேஸ்ட் நுரைத்துக் கருகுகிறது, வீடெல்லாம் ஒரு நாற்றம். ஈயம் முத்து முத்தாக உருண்டு தரையில் விழுகிறது. சூடு பட்டு விரல் இரண்டு பொத்துப்போனது. ஆறு தரம் செய்தேன். அவர்தான் ஒட்ட விடவில்லையா? போதும் ஞானபாய், உனக்கு வெட்டத்தான் தெரியும்.

ஜூலை 7, சனி

காலையிலேயே பூதலிங்கத்திடம் போனேன். வயரை மோந்து பார்த்தான். “என்னத்தத் தேச்சீங்க?”

“நீ சொன்ன பேஸ்ட்தான். புதுசா வாங்கினேன்.”

“எக்கா... மோட்டாருக்குப் பல்லா வெளக்கி விட்டீங்க!”

வேறே பேஸ்டாம். தகர டப்பாவில் மஞ்சளாக, பிசின் மாதிரி இருக்குமாம். அந்த டப்பா இவருடைய பெட்டியிலேயே இருக்கிறதே! மூட்டுவலிக் களிம்பு என்று நினைத்து ஒருநாள் முழங்காலில் தேய்த்துக்கூட இருக்கிறேன். அதைச் சொன்னதும் அவன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மே மாதத்துக்குப் பிறகு இன்றுதான். சிரித்துக்கொண்டிருக்கையிலேயே “நான்தான் வெட்டினேன் தம்பி” என்று சொல்லிவிட்டேன்.

“அது அன்னைக்கே தெரியும். சாரமில்ல, விடுங்க, போய்ப் பத்த வைங்க” என்றான்.

மத்தியானம் அந்தக் களிம்பைத் தேய்த்துப் பற்ற வைத்தேன். ஈயம் வயருக்குள் ஊறி இறங்கியது. இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

ஜூலை 8, ஞாயிறு

போட்டு ஓடியது. தொட்டியை இரண்டு சுற்று. ரத்னாபாய் கைதட்டினாள், அழுதாள். பின்னைத் தொட்டு, “அண்ணன் எவ்வளவு கனமா பத்த வச்சிருக்கு பாருங்க” என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த எலிகூடத் தேவைப்படவில்லை.

“அது நான் வச்சது. வெட்டினதும் நான்தான்” என்றேன். எல்லாம் சொன்னேன்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். “மன்னிச்சுக்கிடுங்கன்னு அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?”

“நேரம் கிடைக்கல்ல.”

“நாலு நாளு இருந்துதே மைனி.”

போட்டை எடுக்கவில்லை. சாயா அப்படியே ஆறிக் கிடந்தது. போய்விட்டாள்.

ஜூலை 9

நாலு நாள்.

ஜூலை 10

சமைக்கவில்லை.

ஜூலை 13, வெள்ளி

ரத்னாபாயிடமிருந்து கவர். கார்டு இல்லை, ஒட்டின கவர். ‘மைனி, கிறிஸ்துமஸுக்கு அண்ணன் கேக்கோடு வந்தப்ப நான் கதவைத் திறக்கலை. உள்ளேதான் இருந்தேன். அம்மை செத்தப்ப வந்த பிணக்கு. கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பிப் போச்சு. அதை அண்ணன் உங்ககிட்ட சொல்லிச்சா? நாலு நாள்னு உங்களைக் கேட்ட எனக்கு நாலு மாசத்துக்கு மேலே இருந்துது. போட்டைக் கொண்டு வாருங்க. இங்கே குளம் இருக்கு.’

ஜூலை 14, சனி

போட்டைச் சேலையில் சுற்றிப் பையில் வைத்தாயிற்று. நாளை ஆராதனை முடிந்து பஸ்.

கிறிஸ்துமஸ் அன்று கேக்கோடு திரும்பி வந்தார். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். “ரத்னாவுக்குக் காய்ச்சல், நல்லா உறங்கினா. எழுப்ப மனசு வரல்ல” என்றார்.

அவளிடம் அதை நேரில் சொல்ல வேண்டும்.