முயல்களுக்கு வாங்கிய காது மருந்து

மச்சாள்,

நேற்று பேத்தியின் முயலை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். காதுக்குள் சொறி. ஒரு சின்னப் போத்தலைத் திறந்து, எப்படி விடுவதென்று காட்டினார். எண்ணெய் கலந்த அந்தக் கார வாடை எழுந்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது. இப்போது எவ்வளவு சுலபமாகத் தருகிறார்கள்.

உங்கள் தம்பியைக் கட்டி நான் வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு வந்த யுத்த காலம். பட்டணம் வாவிக்கு அந்தப் பக்கம், ஆமியின் கையில். எந்த மருந்தும் காவலரணைத் தாண்டி எங்கள் பக்கம் வரக் கூடாது. காய்ச்சல் குளிசைக்கே அந்த நிலை என்றால் முயலுக்கு யார் தருவார்?

ஆனால் அவை உங்கள் மகனின் முயல்கள். வட்டை வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவன் திரும்பி வரவில்லை. கொண்டுபோனது யாரென்றும் தெரியவில்லை. போகும்போது முயல்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னானாம். அதையே பிடித்துக்கொண்டிருந்தீர்கள். காதில் பொருக்கு அடைத்து, கூட்டிலிருந்த அத்தனை முயலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாவிப் பக்கம் எதையோ கேட்பதுபோல அசையாமல் இருந்தன. கூட்டடிக்குப் போகவே எனக்குப் பயம். உங்களுக்கு வேறு பயம்.

"அவன் வந்து கேட்டா நான் என்ன புள்ள சொல்ற?" என்றீர்கள்.

துறையில் பாதைக்கு, அந்த இரும்பு மிதவைக்குக் காத்திருந்து, இருவருமாக அக்கரைக்குப் போனோம். மருந்துக் கடைகள் கையை விரித்தன. கடைசியில் ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் ஒருவர் வீட்டில் மிச்சம் கிடந்ததை எண்ணெயில் கலந்து, தலை எண்ணெய்ப் போத்தலில் ஊற்றித் தந்தார். மனிதருக்கு ஆகாது, கையில் பட்டாலும் கழுவ வேண்டும் என்று சொல்லித்தான் தந்தார்.

திரும்பும்போது காவலரணில் ஆமிக்காரன் போத்தலை மோந்து பார்த்து, என்னவென்று கேட்டான். நான் வாய் திறக்குமுன், உங்கள் காதுக்கு மருந்து என்றீர்கள்.

"அப்ப போடுங்க பாக்க."

நீங்கள் தலையைச் சாய்த்து இடது காதில் ஊற்றினீர்கள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. என் கையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின. அவன் போத்தலைத் திருப்பித் தந்தான்.

பாதை நடு வாவிக்கு வந்தபோது தண்ணீரில் அசைவே இல்லை. கரையோரச் சேற்றில் வேர் விட்டு நிற்கும் கண்ணாக் காட்டைப் பார்த்தபடி நின்ற நீங்கள், அந்தக் காதுக்குள் மகன் கதைக்கிறான் என்றீர்கள். எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்களே, அந்தச் சத்தமாயிருக்கும் என்றேன்.

"மீனுக்கு என்னை அம்மா எண்டு கூப்பிடத் தெரியுமா, புள்ள?"

முயல்களுக்குச் சுகமாயிற்று. ஒவ்வொன்றாகத் தலை நிமிர்ந்தன. உங்கள் காது மட்டும் அடைத்தது அடைத்ததுதான். பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் கேளாது. ஆனாலும் பொழுதுபடும் நேரம் கரையில் நின்று, அந்தச் செவிட்டுக் காதைத்தான் தண்ணீருக்குக் கொடுப்பீர்கள். சில நேரம் சிரிப்பீர்கள். ஒருநாள் நான் அருகில் நிற்க, "ஓம் மகன், நல்லாத் தின்னுதுகள்" என்றீர்கள். அங்கே வேறு யாரும் இல்லை.

பிறகு செல்லடி, ஊருக்குள் குண்டுகள் விழுந்தன. ஊரே இடம்பெயர்ந்தது. புறப்படுமுன் கூட்டைத் திறந்துவிட்டோம். முயல்கள் பற்றைக்குள் ஓடி மறைந்தன. அகதி முகாமில் காய்ச்சலோடு படுத்த நீங்கள் எழும்பவில்லை. வாவி அங்கிருந்து எட்டத்தில். ஒன்றும் கேட்கவில்லையே என்று தவித்தீர்கள். முயல்கள் தப்பி ஓடிவிட்டன என்று அவனிடம் சொல்லும்படி கேட்டீர்கள். நான் ஓம் என்றேன். அத்தோடு நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

இப்போது அந்தத் துறையில் பாலம். ஊருக்குப் போகும்போதெல்லாம் நடுப்பாலத்தில் இறங்கி, கண்ணாக் காட்டைப் பார்த்து, முயல்கள் தப்பி ஓடிவிட்டன என்று அவனிடம் சொல்கிறேன். போகிற வருகிறவர்கள் நான் கும்பிடுவதாக நினைக்கிறார்கள். சொல்லி முடித்ததும் நடந்துவிடுவேன். பதில் வருமட்டும் நிற்கமாட்டேன். வந்தால் அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன், மச்சாள்?