பாக்குவெட்டியைத் தேட வேண்டாம்

இஞ்சேருங்கோ,

சரவணையில் அக்கா மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குப் போறன். பொழுதுபட முன்னம் வந்திடுவன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிலடிக் கதிரையில் மூடி வைச்சிருக்கிறன்.

பாக்குவெட்டி என்ர பையில். நேற்று அதன் வாயில் வெள்ளைத் தூள் கண்டனான். வெத்திலைச் சுண்ணாம்பு என்று சொல்லாதேயுங்கோ, எங்கட சுண்ணாம்பு ஈரம். அது உங்கட கால் பிளாஸ்டரின் தூள்.

பத்து மணிக்கு முறிவு கட்டுற பரியாரியார், பிளாஸ்டரைக் கழற்றிப்போட்டுக் கட்ட எண்ணெயும் பச்சிலைப் புக்கையும் கொண்டு வரப்போறார் என்று ஊர் முழுக்கத் தெரியும், எனக்கு மட்டும்தான் ஒருத்தரும் சொல்லேல்லை. அவரைக் கண்டு கதைச்சிட்டன். வருவார், கடுதாசிச் சீட்டு விளையாட மட்டும்.

யாழ்ப்பாணத்து டொக்டர் எலும்புக்கு ஆணி பூட்டி, அறுந்த சவ்வையும் தைச்சு விட்டவர். சவ்வு இறுக இன்னும் இரண்டு கிழமை வேணும், முந்திக் கழற்றினால் கணுக்கால் ஆயுளுக்கும் ஆடும் என்று உங்களுக்கு முன்னால்தானே சொன்னவர்?

பாக்கு சீவிச் செப்பில் இருக்கு.

பரிமளம்

வேவுகாரி என்று நேற்று ஏசினீங்கள். ஓம். நீங்கள் நித்திரையில் கிடக்கேக்கை பிளாஸ்டர் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு கீறினனான். கோடு முழுசாய் இருந்தால் பலகாரம் உங்களுக்கு, இல்லாட்டில் பரியாரியாருக்கு.

நீங்கள் நொண்டினால் நானும் பக்கத்தில் மெதுவாய் நடக்கவேணும். எனக்கு அது ஏலாது.