அவளுக்குப் பக்கத்து இடம்

ஆவணி 6, வெள்ளி

காலையில் தூறல். மாடியில் காய்ந்த துணியை எடுக்க மறந்தேன்.

இந்த வாரம், வரிசையாக:

1. ஞாயிறன்று கல்வெட்டு வகுப்பு மாணவர்களோடு ஏரிக்கும் கல்வீடுகளுக்கும் பயணம். நானும் மாணவன்தான். வயது எழுபத்து மூன்று.
2. என் மனைவி சரோஜாவை அடக்கம் செய்த இடத்துக்குப் பக்கத்தில் என்னையும் வைக்கும்படி கதிரிடம் சொல்வது.
3. அவன் மறுப்பான். அவன் சித்தப்பா போனபோது மின்மயானம்தான் வசதி என்றவன்.

கார்த்திகையில் அவள் போனதிலிருந்து இதைச் சொல்ல நினைத்து, மாத்திரை, மழை, கரண்ட் பில் என்றே பேசி போனை வைத்துவிடுகிறேன். மகனிடம் என்ன பயம். தெரியவில்லை.

ஆவணி 8, ஞாயிறு

நல்ல வெயில். அஸ்தம்பட்டியிலிருந்து வேன். முன் சீட்டை எனக்கு விட்டார்கள், கூச்சம். பையில் தண்ணீர், மாத்திரை, அளவு நாடா. நாடாவை யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை.

ஏரியில் நடுவில் மட்டும் தண்ணீர். ஓரமெல்லாம் வெடித்த சேறு, கொக்குகள். கரைக்கு மேலே கரட்டுச் சரிவில் கல்வீடுகள். நாலு பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், ஒரு பக்கம் வட்டத் துளை.

கூடப் படிக்கும் பிரபு: "ஒத்த ரூமு, பாத்ரூம் இல்ல. வாடகையக் கொறச்சுக் கேக்கலாமுங்க சார்."

இன்னொரு மாணவி கவிதா: "உன்ற சம்பளத்துக்கு இதே ஜாஸ்தி. உள்ள போய்ப் படு."

ஆடு மேய்க்கும் அம்மாள் ஒருவர்: "குள்ள மனுசங்க குடியிருந்த ஊடுங்க சாமி. நெருப்பு மழை பேயும்னு கட்டுனாங்களாமா."

ஆசிரியர் அவரை மறுத்துப் பேசவில்லை. அந்த அம்மாள் நகர்ந்த பிறகு எங்களிடம் சொன்னார்: யாரும் குடியிருக்கவில்லை, இறந்தவர்களுக்குக் கட்டியது. பின்னாளில் இறந்தவர்களின் எலும்பையும் அந்தத் துளை வழியே உள்ளே சேர்த்திருக்கலாம். ஒரே அறையில் இரண்டு மூன்று பேர்.

வகுப்பில் இதுவரை வாய் திறக்காதவன் கேட்டுவிட்டேன். "கணவன் மனைவியாகவும் இருக்கலாமா?"

"இருக்கலாமுங்க. உறுதியாச் சொல்ல முடியாது."

எல்லோரும் இறங்கியபின் துளைக்குள் கை விட்டேன். குளிர்ச்சி. எதையும் அளக்கவில்லை.

ஏரிக்கரைப் புளியமரத்தடியில் சாப்பாடு. கவிதாவுக்கு விவரம் தெரியாது. "அம்மாவையும் கூட்டியாந்திருக்கலாமில்லீங்க சார்?"

"அடுத்த தடவை பார்க்கலாம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன். பாதியோடு நிறுத்தினேன். பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

ஆவணி 9, திங்கள்

முழங்கால் வலி. கதிருக்குப் போன் போட்டு, மணி அடித்ததும் நிறுத்தினேன். அவனே கூப்பிட்டான்.

"ஏனுங்கப்பா, மிஸ்டு கால் வந்துச்சே?"

"கை பட்டுவிட்டது."

ஆவணி 10, செவ்வாய்

மேகமூட்டம். கதிர் நேரிலேயே வந்துவிட்டான். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடும் ரிக்குக்குச் சாமான் வாங்க சேலம் வந்தானாம். கை பட்டதை நம்பவில்லை போல.

இட்லி வைத்தேன். கல்வீட்டைப் பற்றிச் சொன்னேன். துளை, எலும்பு, இரண்டு மூன்று பேர். அப்படியே தரையைப் பார்த்தபடி, "எங்களையும் சேர்த்து வைக்க முடியுமா கதிர்?"

தட்டைத் தள்ளி வைத்தான்.

"அம்மா காரியம் முடிஞ்சதுமே மயானத்து ஆபீசுல போய்க் கேட்டனுங்கப்பா. உங்களுக்குன்னுதான். எடத்தப் புடிச்சு வெக்க முடியாதுன்னுட்டாங்க. சித்திரையில ரெண்டு பக்கமும் வேற ஆளுங்கள வெச்சாச்சு. நீங்களும் அந்தப் பக்கம் போறதில்ல. எப்படிச் சொல்றதுன்னு உட்டுட்டேன்."

கை கழுவப் போனான். குழாய் வெகுநேரம் ஓடியது.

மூன்றாவதாக எழுதியது தவறு. எனக்கு முன்பே கேட்டிருக்கிறான்.