பிரித்துத் தைத்த கில்ட்

காசில்பே, பாரா தீவு
12 செப்டம்பர் 1984

அன்புத் தோழி இஷ்பெலுக்கு,

ஊனா எழுதுவது. இங்கே மழையும் காற்றும் சுகம், நாங்களும் சுகம். பார்சலைப் பிரிக்கப் பயப்படாதே, என் வீட்டுக்காரர் விசேஷத்துக்குக் கட்டுகிற கில்ட்தான், அந்தக் கட்டம் போட்ட கம்பளி மடிப்புப் பாவாடை. பதினைந்து வருஷத்துக்கு முன் நீ உன் கையால் தைத்துக் கொடுத்தது.

நீல் இளைத்துவிட்டார். கொஞ்சநஞ்சமல்ல. இடுப்பு பெல்ட்டில் ஆணியால் குத்தி நான்கு புது ஓட்டை போட்டிருக்கிறார். டாக்டர் சோதித்துவிட்டு ஒரு நோயும் இல்லை என்கிறார். நான் வைக்கிற மீனும் உருளைக்கிழங்கும் பாதி நாய்க்குத்தான் போகிறது. "என்ன, கிழவனுக்கு மாப்பிள்ளை ஆசையா?" என்று கேட்டேன். சிரிக்கக்கூட இல்லை, மனுஷன்!

அடுத்த மாதம் என் தங்கை மகள் கல்யாணம். நாற்பத்துநான்கு அங்குல இடுப்பை முப்பத்தேழாகப் பிடித்துக் கொடு. அவருக்குத் தெரியாமல் பெட்டியிலிருந்து எடுத்து அனுப்பியிருக்கிறேன். போட்டுப் பார்த்து அசந்துபோகட்டும்.

பெற்ற பிள்ளையானாலும் லாக்லனைப் பற்றி இப்போதும் எதுவும் எழுதாதே. ஓபன் கடைத்தெருவில் அவனை நீ பார்த்தாலும் எனக்குச் சொல்லக் கூடாது. விவாகரத்து ஆனவள், கையில் ஒரு குழந்தை. அவளைத்தான் கட்டுவேன் என்றான். "கட்டிக்கோ. இந்த வீட்டிலேர்ந்து ஒரு ஈ காக்கா உன் கல்யாணத்துக்கு வராது" என்றேன். சொன்னால் சொன்னதுதான்.

உன் பிரியமுள்ள
ஊனா


ஓபன்
19 செப்டம்பர் 1984

அன்பு ஊனா,

உன் பார்சல் வந்து ஐந்து நாள் ஆகிறது. கில்ட்டைத் திருப்பி அனுப்புகிறேன். அதில் பிடிக்க ஒன்றுமில்லை. இடுப்பு இப்போதே முப்பத்தேழுதான்.

நான்தான் பிடித்தேன். ஏப்ரலில்.

உட்கார்ந்துகொண்டு படி. பேசாமல் கூலி வாங்கிக்கொண்டு, தைத்ததாகச் சொல்லி அனுப்பிவிடலாமா என்று நினைத்தேன். உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? முடியவில்லை.

நீல் வந்து கடை வாசலில் நின்றபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. யாரோ வெளியூர்க்காரர் என்று நினைத்து, "என்ன வேணும் ஐயா?" என்று கேட்டுவிட்டேன். கில்ட்டைச் சுற்றிப் பார்த்தால் ஏழு அங்குலம் தொளதொள. மூன்று அங்குலம் வரைக்கும் என்றால் இடுப்பை இறுக்கும் தோல் வாரைத் தள்ளித் தைத்தால் போதும். அதற்குமேல் போனால் முன்பக்க நடுக்கோடு விலாவுக்குப் போய்விடும். அதனால் இடுப்பைப் பிரித்து ஒவ்வொரு மடிப்பையும் ஆழமாக்கி, கட்டம் கலையாமல் மறுபடி தைத்தேன். துணியில் கத்தரி படவில்லை.

கடைசியில் உயரம் பார்க்க மண்டியிடச் சொன்னேன். விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமல் இருக்க வேண்டுமல்லவா? மண்டியிட்டவர் எழுந்திருக்கவே இல்லை. அப்படியே தேம்பித் தேம்பி அழுதார். "பையன் கல்யாணம் இஷ்பெல், வர்ற மாசம் பதினொண்ணாம் தேதி. ஊனா போகக் கூடாதுன்னுட்டா. போகாம இருந்தா நான் அப்பனா?" என்றார். அவன் வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து சோறு இறங்கவில்லையாம்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார். நானும் போனேன் ஊனா. திட்டு.

இஷ்பெல்


காசில்பே
24 செப்டம்பர் 1984

இஷ்பெல்,

அன்பு என்று எழுதக் கை வரவில்லை.

என் மகனுக்குக் கல்யாணம் ஆகி நான்கு மாதம் ஆகிறது. அது எனக்கு ஒரு தையல்காரி கடிதத்தில் தெரிகிறது! படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கஞ்சி அடிப்பிடித்துக் கருகிய வாசனைகூட மூக்கில் ஏறவில்லை. நாற்பது வருஷச் சிநேகிதி, என் பிள்ளை பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வருகிற கிறிஸ்துமஸுக்கு என்று போன மாதம் கேக் செய்முறை கேட்டு எழுதியிருக்கிறாய். உன் நெஞ்சு என்ன கல்லால் செய்ததா?

கில்ட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் மேசையில் வீசினேன். பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "மே மாசம் ஓபன் போனது மாட்டுச் சந்தைக்குன்னுதானே சொன்னீங்க?" என்று கத்தினேன்.

"சந்தைக்கும் போனேன். கன்னுக்குட்டியும் வித்தேன். பொய் சொல்லல ஊனா. மிச்சத்தச் சொல்லல, அவ்வளவுதான்."

"உங்களுக்கு எம்மேல பயமா?"

"ஆமா" என்றார். இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷன், ஆமா என்கிறார். நான் அவ்வளவு பொல்லாதவளா? என்னால்தான் அவர் பாதியாய்ப் போனாரா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவரிடம் கேட்க வாய் வரவில்லை. பதில் எழுதிவிடு, அதன்பின் எழுதவே வேண்டாம். அன்றைக்கு என்னைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினார்களா?

ஊனா


ஓபன்
29 செப்டம்பர் 1984

ஊனா,

ஒருவரும் பேசவில்லை. அதுதான் உண்மை.

பதிவு அலுவலகத்தில் முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டாருக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் நீல் உட்கார்ந்தார். இன்னொன்றில் தன் தொப்பியைக் கழற்றி வைத்தார். உட்கார இடமில்லாமல் பெண்ணின் அத்தை ஒருத்தி அந்த நாற்காலியைத் தொட்டாள். "அதுக்கு ஆள் இருக்கும்மா" என்றார் நீல். அந்த அம்மாள் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தாள். லாக்லன் திரும்பித் திரும்பிக் கதவைப் பார்த்தான். பதிவாளர் இரண்டு தடவை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது.

கேட்டாய், எழுதிவிட்டேன். இனி எழுத மாட்டேன்.

இஷ்பெல்


காசில்பே
3 அக்டோபர் 1984

அன்புள்ள இஷ்பெல்,

எழுதாதே என்றால் எழுதாமலே இருந்துவிடுவாயா? நல்ல சிநேகிதியடி நீ.

செவ்வாய்க்கிழமைக் கப்பலில் வருகிறோம். நேற்று நானே சொன்னேன், கில்ட்டைக் கட்டிக்கொண்டு வாருங்கள் என்று. அவர் என்னை நம்பவில்லை. மூன்று தரம் கேட்டுவிட்டார். இன்று காலை முட்டை இரண்டும் சாப்பிட்டார், நாய் வெறும் வாயோடு போயிற்று.

லாக்லனுக்கு நாலு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். நீ அவனிடம் எதுவும் சொல்லாதே. கப்பலடிக்கு வந்து எங்களை அவன் வீட்டுக்கு அழைத்துப் போ. வழி அவருக்குத் தெரியும். எனக்குத்தான் தைரியம் இல்லை.

அந்தக் குழந்தை பெயர் கர்ஸ்டியாம், ஆறு வயதாம். கதவைத் திறப்பது எப்போதும் அவள்தானாம். வாசலில் நிற்பது யார் என்று கேட்பாளே, நான் என்ன சொல்ல? மறு கப்பலில் பதில் போடு.

ஊனா